மோதல் தவிர்த்த மற்றவை

பிப்ரவரி மாதம், பொழுது சாயும் நேரத்தில், என் பிக்கப் வண்டி மூஸ்ஹார்ன் ஏரிக்குள் போனது. நான் போகவில்லை. அதில் என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. உறைந்த ஏரி மேல் வண்டி ஓட்டும்போது எங்கள் ஊரில் எவனும் பெல்ட் போட மாட்டான். எத்தனை குளிர் அடித்தாலும் கண்ணாடியை இறக்கி விட்டுத்தான் ஓட்டுவான். ரோட்டில் பெல்ட் போடாதவனைப் போலீஸ் பிடிக்கும். ஏரியில் போட்டவனை ஏரி பிடித்துக்கொள்ளும்.

ஏரி மேல் ஓய்வுவிடுதிக்காரன் ஒரு பாதை ஒதுக்கி வைத்திருக்கிறான். தினமும் பனியைத் தள்ளி, துளை போட்டுக் கனம் அளந்து, காசு வாங்கிக்கொண்டு விடுவான். கடவுள் உறைய வைத்த தண்ணீருக்கு அவனுக்கு எதற்குக் காசு என்று நான் அதில் போவதே இல்லை. ஓடை வந்து ஏரியில் சேரும் இடத்துக்குப் பக்கமாக எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். ஓடையின் ஓட்டம் அடியில் பனியைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் போனேன். இத்தனை வருஷம் தாங்கியது, இன்றைக்கும் தாங்கும் என்ற நினைப்புதான்.

தாங்கவில்லை. சத்தம் கூடப் பெரிதாக இல்லை. முன்சக்கரம் இரண்டும் இறங்கின. குதிரை தண்ணீர் குடிக்கக் குனிவது போல வண்டி குனிந்தது. ஜன்னல் வழியாக வெளியே விழுந்து, வயிற்றால் ஊர்ந்து, நல்ல பனிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது வண்டியின் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

முகப்பு விளக்குகளை நான் அணைக்கவில்லை. அணைக்க யாருக்கு நேரம் இருந்தது.

நான் படுத்திருந்த இடத்தில் காற்று பனித்தூளை வாரிக்கொண்டு போய், பனிக்கட்டி கண்ணாடி போல் இருந்தது. அந்தக் கண்ணாடி கீழிருந்து பற்றிக்கொண்டது. பச்சை வெளிச்சம். என் மார்புக்கு அடியில், கைக்கு அடியில், கண்ணுக்கு எட்டும் வரை. பனிக்குள் ஓடும் விரிசல்கள் ஒவ்வொன்றும் வெள்ளைத் திரையாகத் தொங்கின. இலையுதிர் காலத்தில் மேலே வந்து சிக்கிக்கொண்ட காற்றுக் குமிழிகள் தட்டுத் தட்டாக அடுக்கியிருந்தன. ஏதோ ஒரு பெரிய மீன் அந்த வெளிச்சத்தின் குறுக்கே அவசரமில்லாமல் போனது. வெளிச்சம் இறங்கிக்கொண்டே போய், ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடியில் உட்கார்ந்தது. உட்கார்ந்த பிறகும் எரிந்தது. முழங்கால் வரை நனைந்திருந்தேன், உயிர் போகிற குளிர். எழுந்து ஓடத் தோன்றவில்லை. பிறந்ததிலிருந்து இந்த ஏரிக்கரையில் இருக்கிறேன், அடியில் இப்படி ஒரு கூடம் இருப்பது எனக்குத் தெரியாது.

விளக்கு அணைந்ததும்தான் கால் இருப்பது நினைவுக்கு வந்தது. ஏரிப் பனி மேலேயே போட்டு ஓர்லின் லுண்ட் மீன்பிடிக்கும் குடிலை நோக்கி நடந்தேன். ஓர்லின் என் வயதுக்காரன், பள்ளிக்கூடத்தை என்னோடு சேர்ந்து விட்டவன். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பனித் துளைக்குள் தூண்டிலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"நடந்தா வர்றே? வண்டி எங்கய்யா?"

"ஏரியில."

"எல்லார் வண்டியும் ஏரியிலதான்யா நிக்குது."

"என்னோடது கீழ நிக்குது."

அவன் தூண்டிலைக் கீழே வைத்தான். என் கால்சட்டையைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். சிரித்துக்கொண்டே என் பூட்ஸைக் கழற்றி, தன் உலர்ந்த காலுறையை எனக்கு மாட்டிவிட்டான். அப்படிப்பட்ட ஆள்.

இது சிரிப்பில் முடியும் விஷயம் இல்லை. நான் இருப்பது ஏரியின் வடக்கு முனையில். கடை, மருத்துவர், தேவாலயம் எல்லாம் தெற்கே, வண்டி இல்லாமல் போக முடியாத தூரம். பஸ் கிடையாது. என் மனைவி போன பிறகு தனியாகத்தான் இருக்கிறேன், அது எனக்குப் பழகிவிட்டது. வருகிற ஓய்வூதியம் எரிவாயுவுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். இன்னொரு வண்டி வாங்கக் கையில் ஒன்றும் இல்லை. போதாததற்கு ஷெரிஃப் ஆபீஸிலிருந்து ஒரு பையன் வந்து, முப்பது நாளுக்குள் வண்டியை வெளியே எடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர்களே எடுத்துச் செலவை என் தலையில் கட்டுவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

டுலூத் நகரத்தில் இருக்கும் என் மகள் சோல்வேய் போன் செய்தாள்.

"அப்பா, உயிரோட இருக்கீங்கல்ல?"

"பேசிட்டுதானே இருக்கேன்."

"எத்தனை தடவை சொன்னேன். வண்டி இல்லாம அங்க எப்படி இருப்பீங்க? விறகு தூக்க ஓர்லின் வருவாரா, ஆஸ்பத்திரிக்கு ஓர்லின் தூக்கிட்டுப் போவாரா?"

"இன்சூரன்ஸ் இருக்கு."

"கட்ட வைக்கிறதே திருட்டுன்னு சொன்னவர் நீங்க. அது குடுக்கட்டும், நான் வாயைத் திறக்கல. குடுக்கலன்னா மூட்டையைக் கட்டுங்க. மாடி அறையைக் காலி பண்ணிட்டேன்."

நியாயமான பேச்சு. ஒத்துக்கொண்டேன். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. டுலூத்தில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. அங்கே ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு ஜன்னல் தெரியும், அவ்வளவுதான். என் வீட்டு ஜன்னலில் ஏரி தெரியும். அதை விட்டுவிட்டு வரச் சொன்னால், என் கண்ணை இங்கே வைத்துவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டு போவது மாதிரி.

இன்சூரன்ஸ் பற்றி என் எண்ணத்தை ஒளிப்பானேன். நமக்குக் கெட்டது நடக்கும் என்று நாமே காசு கட்டிப் பந்தயம் வைக்கிறோம். கெட்டது நடந்தால்தான் ஜெயிப்போம். நடக்காவிட்டால் தோற்றதற்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த வருஷமும் கட்ட வேண்டும். இப்படி ஒரு சூதாட்டத்தை எந்தச் சாராயக்கடையிலும் நான் பார்த்ததில்லை. நடந்தாலும், அந்தச் சொல் இந்தச் சொல் என்று பொடி எழுத்தைக் காட்டித் தர மாட்டார்கள் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்கள் வட்டாரத்து விவசாயிகளும் மீன்காரர்களும் சேர்ந்து நடத்தும் பரஸ்பரச் சங்கம் ஒன்று இருக்கிறது, அதில்தான் என் பாலிசி. அதன் ஏஜென்ட் ரோக்ஸான் ப்ரெக்கே. தூண்டில் புழு விற்ற ப்ரெக்கேயின் மகள். இரண்டு வருஷம் முன்னால் பிரீமியம் ஏறியபோது அவள் அலுவலகத்துக்குப் போய், வெட்டக்கூடியதை வெட்டு என்றேன். சட்டத்துக்கு வேண்டியதை வெட்ட முடியாது, மீதி இரண்டில் ஒன்றை வெட்டலாம் என்றாள். மான் இடித்தால் எது தருமோ அதை மட்டும் வை என்றேன். எங்கள் ரோட்டில் மான் இடிக்காத வண்டி கிடையாது. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு அவசரம், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

இதை ஓர்லினிடம் சொன்னேன். காபிக் கடையில் அவன் கேக்கைத் தின்றுகொண்டே யோசித்தான். ஊரில் யாருக்கு எந்த வழக்கு என்றாலும் யோசிப்பவன் அவன்தான்.

"மான் மேல மோதினா குடுக்கிறதைத்தானே வச்சிருக்கே?"

"ஆமா."

"அப்ப உன்கிட்ட இருக்கிறது மோதல் காப்பீடு. மோதினாதான் காசு. நீ மோதினியா?"

"எதுல மோதுறது? பனி விட்டுக் குடுத்துச்சு."

"அப்படிச் சொன்னே, டுலூத்துக்குப் பெட்டியைக் கட்டு." முள்கரண்டியை என் பக்கம் நீட்டினான். "பனிப் பாளம் ரெண்டு முட்டிக்கிட்டு மேடு கட்டியிருக்குமே, ஓடைக்குப் பக்கத்துல. அதுல போய் இடிச்சேன், இடிச்ச வேகத்துல பனி உடைஞ்சுது, வண்டி போச்சுன்னு சொல்லு. மேடு சுவர் மாதிரிதானே. சுவர்ல இடிச்சா மோதல். முடிஞ்சுது."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அவன் பொடி எழுத்துல சொல்ற பொய்யை நீ பெரிய எழுத்துல சொல்றே. கணக்கு நேராயிடும்."

எனக்கு அது சரியாகவே பட்டது. அவர்களை நான் நம்பவில்லை. நம்பாதவனிடம் உண்மை பேசுவது எந்த ஊர் வழக்கம். நாலைந்து தடவை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மேடு, இடித்தேன், உடைந்தது, போச்சு. நன்றாகத்தான் வந்தது.

வண்டி தூக்கும் கும்பல் ஒரு சனிக்கிழமை வந்தது. முங்கு உடை போட்ட ஒருவன், மேலே வேலை செய்ய மூன்று பேர். சங்கிலி ரம்பத்தால் பனியை அறுத்து, கட்டிகளைக் கொக்கி போட்டு இழுத்து ஓரமாக அடுக்கினார்கள். ஒவ்வொரு கட்டியும் சவப்பெட்டி நீளம், வானத்து நிறம். பலகைகளைப் பரப்பி, அதன் மேல் இரும்புக் கால்கள் நட்டு, வடம் சுற்றி இழுக்கும் வின்ச் கட்டினார்கள். ஊரில் பாதிப் பேர் நாற்காலியும் காபியும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். எவனாவது ஒருவன் வண்டியை இறக்கினால் எங்களுக்கு அது திருவிழா. நானும் இதற்கு முன்னால் அப்படி உட்கார்ந்தவன்தான்.

"எய்னார், அடுத்த தடவை தூண்டில்ல சின்ன இரை போடு," என்று ஒருவன் கத்தினான். நான் திரும்பவில்லை.

சோல்வேய் டுலூத்திலிருந்து வந்திருந்தாள். நகரத்துக் காலணியோடு கரையிலேயே நின்றாள். சின்ன வயதிலிருந்தே அவள் இந்தப் பனி மேல் கால் வைக்க மாட்டாள். அவள் காரின் பின்இருக்கை காலியாக இருந்தது. என் மூட்டைக்கு.

ரோக்ஸான் காலில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு டக் டக்கென்று நடந்து வந்தாள். கையில் போன், படம் எடுக்க. ஓர்லின் எனக்கு இடப்பக்கம் நின்று, தைரியமாகச் சொல் என்பது போல் முழங்கையால் இடித்தான்.

"எய்னார், கால் எப்படியிருக்கு?"

"ரெண்டும் இருக்கு."

"நல்லது. படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பணும், அங்க ஒருத்தர் பார்த்து முடிவு பண்ணுவார். அதுக்கு முன்னாடி நீங்க முதல்லேர்ந்து சொல்லுங்க." அவள் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினாள். "எதுலயாவது மோதினீங்களா?"

நான் பதில் தயாராக வைத்திருந்த கேள்வி அதேதான். வாயைத் திறந்தேன்.

அப்போது முங்குகிறவன் கீழே போயிருந்தான். அவன் தலை விளக்கு எங்கள் காலடியில் வந்தது. காற்று துடைத்து வைத்த அந்தப் பனிக்கு அடியில், முதலில் ஒரு புள்ளி, பிறகு தட்டு, பிறகு எங்கள் மூன்று பேரின் காலையும் தாண்டிப் பரவிய பச்சை. ரோக்ஸானின் இரும்பு முள் குத்திய ஒவ்வொரு கீறலும் ஒளிர்ந்தது. அவள் கேட்ட கேள்வியை மறந்து குனிந்தாள்.

"கடவுளே," என்றாள், மெதுவாக.

"இது ஒண்ணுமில்ல," என்றேன். "அன்னைக்கு இதைவிடப் பெருசு."

"எது?"

"வெளிச்சம். வண்டி விளக்கு எரிஞ்சுக்கிட்டே போச்சு."

அவ்வளவுதான், நிறுத்த முடியவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அந்த ஒன்று நெஞ்சிலேயே கிடந்திருக்கிறது. ஓர்லினிடம் சொன்னால் சிரிப்பான். மகளிடம் சொன்னால் அழுவாள். வண்டி எப்படிக் குனிந்தது, நான் எப்படி விழுந்தேன், பனி எப்படி அடியிலிருந்து எரிந்தது, திரை திரையாக விரிசல், குறுக்கே போன மீன், அடியில் போய் உட்கார்ந்தும் அணையாத விளக்கு. எல்லாவற்றையும் சொன்னேன். மேடு என்ற சொல்லே வரவில்லை. அங்கே மேடே இல்லை, அத்தனை தூரமும் வழுவழுப்பு, அதனால்தான் அத்தனையும் தெரிந்தது என்று வேறு சொல்லித் தொலைத்தேன். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு பொய் மேட்டைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓர்லின் முனகினான். "முடிச்சுட்டான். தன் கையாலேயே முடிச்சுட்டான்."

"அப்ப எதுலயும் மோதல?" என்றாள் ரோக்ஸான்.

"இல்ல."

"வயசாயிடுச்சும்மா," ஓர்லின் குறுக்கே வந்தான். "மேட்டுல இடிச்சிருப்பான், மறந்திருப்பான். அதிர்ச்சி. எழுதிக்க, மேட்டுல இடிச்சான்."

"ஓர்லின், தயவுசெஞ்சு வாயை மூடுங்க. நீங்க பேசப் பேச இவருக்குத்தான் நஷ்டம்."

நான் கரையைப் பார்த்தேன். சோல்வேய் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "சொல்லிடு பொண்ணே," என்றேன். "என்கிட்ட மோதல் மட்டும்தான் இருக்கு, மோதலேன்னா காசு இல்ல. அதானே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இல்லை, கோபமும் இல்லை. "உங்ககிட்ட மோதல் கிடையாது. ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதான் வெட்டச் சொன்னீங்க."

"மானை வைக்கச் சொன்னேனே."

"மான் மோதல்ல வராது."

"வண்டியைக் கொண்டு போய் மான் மேல இடிக்கிறேன். அது மோதல் இல்லையா? அப்ப என்ன, கைகுலுக்கலா?"

அவள் சிரிக்கவில்லை. இரும்பு முள்ளால் பனியில் ஒரு கோடு கிழித்தாள். "இந்தப் பக்கம் மோதல். இன்னொரு வண்டி, சுவர், கம்பம், மரம், நீங்க கொண்டு போய் இடிக்கிறது. உங்க பனி மேடும் இங்கதான் வரும். இதை நீங்க வெட்டிட்டீங்க. மேட்டுல இடிச்சேன்னு சொல்லியிருந்தா ஒரு காசு வராது."

ஓர்லின் தொண்டையைச் செருமிக்கொண்டு வின்ச்சைப் பார்க்கப் போனான்.

"அந்தப் பக்கம்?" என்றேன்.

"அந்தப் பக்கம் தானா வந்து விழுறது. மானுக்கு லைசன்ஸ் கிடையாது எய்னார், அது எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது. அதனால அது அந்தப் பக்கம்." விரல் விட்டு எண்ணினாள். "தீ. திருட்டு. புயல். ஆலங்கட்டி. வெள்ளம். நிலநடுக்கம். கலவரம். வெடி. வானத்துலேர்ந்து விழுறது எதுவானாலும். மிருகம். பறவை."

"பறவையா?"

"வான்கோழி கண்ணாடியில வந்து அடிச்சதில்லையா உங்களுக்கு?"

அடித்திருக்கிறது. தேவாலயத்தில் பாதிரியார் ஆபத்துகளைச் சொல்லிச் சொல்லி ஜெபிப்பார், நாங்கள் பின்னாலேயே ஆமென் சொல்வோம். அவள் சொன்னது அந்த வரிசை மாதிரி இருந்தது. எங்கேயோ ஒரு மேசையில் யாரோ உட்கார்ந்து, மனிதனுக்கு மேலிருந்தும் கீழிருந்தும் என்னவெல்லாம் வரும் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். வான்கோழி வரைக்கும் நினைத்திருக்கிறார்கள்.

"ஏரி சொல்லலியே," என்றேன்.

"ஏரி பேர் அதுல இல்ல."

"பார்த்தியா."

"இருக்க வேண்டியதில்ல. இந்தப் பக்கத்துக்குப் பேரே 'மோதல் தவிர்த்த மற்றவை'தான். நான் சொன்ன பட்டியல் சும்மா உதாரணம். இடிக்காம வண்டிக்கு வேற என்ன ஆனாலும் இதுக்குள்ள வரும். ஏரி விழுங்கினா ஏரியும் வரும்."

நான் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உலகத்தில் நடப்பதையெல்லாம் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் மோதல், கையளவு. அந்தப் பக்கம் மற்றதெல்லாம். மற்றதெல்லாம் என்றால் எவ்வளவு பெரிது என்று அன்று படுத்துக் கிடந்து பார்த்தவன் நான். அந்தப் பச்சைக் கூடமும் அதற்குள் அடங்கியிருக்கிறது. எழுதினவனுக்கு இந்த ஏரி இருப்பதே தெரியாது. ஆனாலும் என் வண்டிக்கு அதில் இடம் விட்டு வைத்திருக்கிறான்.

ஆனாலும் நான் சுலபமாக நம்புகிறவன் இல்லை.

"விடுதிக்காரன் பாதையில நான் போகல. ஓடை வாய்ல பனி மெல்லிசுன்னு எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்க. நாளைக்கு வந்து சொல்லலன்னு சொல்லாதே."

"வேணும்னே மூழ்கடிச்சீங்களா?"

"நான் என்ன பைத்தியமா?"

"அப்பச் சரி. வேணும்னு செஞ்சா கிடையாது. புத்தியில்லாம செஞ்சா உண்டு."

வண்டி மூழ்கிய அன்றிலிருந்து அதுவரை என்னைத் திட்டாதவர்கள் யாரும் இல்லை. மகள், ஷெரிஃப் பையன், பாதிரியார், தபால்காரி. ஒரு முட்டாளை முட்டாள் என்று தெரிந்தும் திட்டாமல் ஏற்றுக்கொண்டது அந்தக் காகிதம் ஒன்றுதான். மனிதர்கள் எழுதியதா அது என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

"முழு விலை வராது," என்றாள் அவள். "முதல் ஐநூறு டாலர் உங்க பங்கு."

"அது ஏன்?"

"அதுவும் இல்லன்னா வருஷத்துக்கு ஒரு வண்டி இறக்குவீங்க. அப்புறம், புது வண்டி விலை கிடையாது. தண்ணிக்குள்ள போன நிமிஷத்துல இந்த வண்டி சந்தையில என்ன விலைக்குப் போகுமோ, அது."

"துருப்பிடிச்ச வண்டி அது."

"துருப்பிடிச்ச விலை வரும். அதுக்குத் துருப்பிடிச்ச இன்னொரு வண்டி கிடைக்கும்."

"அதுதான் எனக்கு வேணும். இதை வெளிய தூக்குற செலவு?"

"ஏரி உங்களோடதா?"

"மாநிலத்தோடது."

"அடுத்தவங்க இடத்துல உங்க வண்டி எண்ணெய் கசியக் கிடக்கு. அது தேர்ட் பார்ட்டி. சட்டத்துக்காக வெட்ட முடியாதுன்னு சொன்னேனே, அது."

அதைத்தான் நான் வருஷா வருஷம் வழிப்பறி என்று சொல்லிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

வின்ச் உறுமியது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். கீழே வண்டியின் இரண்டு பக்கமும் காற்றுப் பைகள் கட்டியிருந்தார்கள் போலிருக்கிறது, குழியின் தண்ணீர் முதலில் வெளுத்துக் கொதித்தது. பிறகு மஞ்சள் பைகள் திமிங்கிலம் போல எழும்பின. நடுவில் என் வண்டியின் கூரை. தண்ணீர் எல்லா ஓட்டையிலிருந்தும் கொட்டியது, கொட்டும்போதே கயிறு கயிறாக உறைந்தது. வண்டி மேலே வர வர, அது என் வண்டி இல்லை, ஏரி புதிதாகச் செய்து தருகிற ஒன்று என்று தோன்றியது. பம்பரில் ஒரு கீறல் இல்லை. ரோக்ஸான் அதைத்தான் முதலில் படம் எடுத்தாள்.

கும்பலில் ஒருவன் கதவைத் திறந்தான். ஓட்டுநர் இருக்கையில் ஒரு ஈல்பவுட் கிடந்தது. விலாங்குக்கும் தவளைக்கும் பிறந்தது போன்ற அந்த அவலட்சணமான மீனை எங்கள் ஊரில் யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள்.

"உன்னைவிட நல்லா ஓட்டியிருக்கு," என்றான் ஓர்லின். "கீறல் இல்லாம நிறுத்தியிருக்கு பார்."

கூட்டம் சிரித்தது. மீனைத் தூக்கிக் குழிக்குள் விட்டார்கள்.

எனக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "இந்தக் காசு எங்கேருந்து வருது? நியூயார்க்லேருந்தா?"

"நியூயார்க்ல யாருக்கு நம்மளைத் தெரியும்," என்றாள் ரோக்ஸான். தாடையால் கூட்டத்தைக் காட்டினாள். "இது பரஸ்பரச் சங்கம். இவங்கதான். பாதிப் பேர் நம்ம ஆளுங்க."

நான் அந்த நாற்காலி வரிசையைப் பார்த்தேன். சின்ன இரை போடு என்று கத்தியவன், விடுதிக்காரன், தபால்காரி. பக்கத்து நகரங்களில் இருக்கும் முகம் தெரியாதவர்கள் வேறு. இவர்களுக்கு நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. வருஷா வருஷம் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து என் முட்டாள்தனத்துக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நானும் அவர்களுடையதற்கு வைத்திருக்கிறேன், தெரியாமலே, வைதுகொண்டே. நிறைய மாடு வைத்திருந்த ஹேகன் வீட்டுக் கொட்டகை எரிந்து, சங்கக் காசில் மறுவருஷம் எழும்பி நின்றதே, அதில் என் ஆணி ஒன்று இருந்திருக்கும். தொப்பியைக் கழற்ற வேண்டும் போல் இருந்தது. குளிருக்காகக் கழற்றவில்லை.

"ஓர்லின் காசும் இதுல உண்டா?"

"உண்டு."

"ரொம்ப நல்லது."

ஓர்லின் காதில் அது விழுந்தது. "எவ்வளவு போட்டேன்னு சொல்லு, காபிக்குக் கழிச்சுக்கறேன்," என்றான்.

பின்னால் காலடிச் சத்தம். சோல்வேய், அந்த நகரத்துக் காலணியோடு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, பனி மேல் வந்துகொண்டிருந்தாள். வண்டி எழுந்ததைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறாள். நான் போய்க் கையைக் கொடுத்தேன். குழியின் ஓரத்துக்குச் சற்று முன்னால் நின்று, அடுக்கிய நீலக் கட்டிகளையும், உறைந்த கயிறுகள் தொங்கும் வண்டியையும் பார்த்தாள்.

"குடுப்பாங்களா?" என்றாள் ரோக்ஸானிடம்.

"ஆபீஸ்ல பார்க்கணும். ஆனா இவர் சொன்னது சொன்னபடி இருந்தா, குடுக்காம இருக்க அவங்களுக்கு வழியில்ல."

சோல்வேய் என்னைப் பார்த்தாள். "சொன்னது சொன்னபடியா? நீங்களா?"

"வாய் தவறிடுச்சு."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "மாடி அறைக்குப் பெயின்ட் அடிச்சுட்டேன்ப்பா. மஞ்சள்."

"ஈஸ்டருக்கு வந்து படுக்கிறேன். ஒரு வாரம்."

"ரெண்டு."

"சரி, ரெண்டு."

"இனிமே பனி மேல வண்டி ஓட்ட மாட்டேன்னு சொல்லுங்க."

விடுதிக்காரன் பாதை தூரத்தில் நேராக, அகலமாக, கம்பு நட்டு அடையாளம் வைத்துக் கிடந்தது. "அவன் பாதையில காசு குடுத்துப் போறேன்," என்றேன். "அதுக்கு மேல கேக்காதே."

முங்குகிறவன் கடைசிச் சங்கிலியை அவிழ்க்க இன்னொரு தடவை கீழே இறங்கினான். வெளிச்சம் மறுபடியும் எங்கள் காலுக்கு அடியில் வந்தது. சோல்வேய் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"அன்னைக்கு வண்டி விளக்கு அடியில இப்படித்தான் எரிஞ்சுது, அதைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன்," என்றேன்.

"இதுதானா?"

"இதுதான்."

"இத்தனை நாள் என்கிட்ட ஏன்ப்பா சொல்லல?" என்றாள், தலையைத் தூக்காமலே.